மேய்க்காலில் மரக்கன்று நடும் முன்

புரட்டாசி மழை பெய்து முடிந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கரடுகளில் இடுப்பளவு புல் நிற்கும். பங்குனியில் அதே கரடு வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். அங்கங்கே ஒரு வெள்வேல், ஒரு துரிஞ்சி, பாறை இடுக்கில் ஒரு நெல்லி. வருவாய்ப் பதிவேட்டில் இந்த நிலங்களில் பல மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, தரிசு என்று இருக்கின்றன. தீர்வை வருமா வராதா என்பதற்காக வைத்த கணக்கு அது. அங்கே என்ன வளர்கிறது, எத்தனை உயிர்கள் அதை நம்பியிருக்கின்றன என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

அதனால்தான் ஊராட்சிக்கு மரக்கன்றுகள் வந்து இறங்கும்போது முதலில் கை காட்டப்படுவது இந்த இடம். தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. இலக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம், கொல்லை வரப்பு, வெட்டி அழிக்கப்பட்ட காடு என்று மரத்துக்கு இடம் தாராளமாக இருக்கிறது. பழைய புல்வெளியில் மட்டும் குழி வெட்ட வேண்டாம். அங்கே செய்ய வேண்டிய வேலை வேறு.

புல்லுக்கு வளரும் இடம் நுனியில் இல்லை. தரையை ஒட்டிய கணுவிலும் இலையின் அடியிலும் இருக்கிறது. மாடு மேலே கடித்துவிட்டுப் போனாலும் அடியிலிருந்து இலை நீண்டு வரும். செடிக்கும் மரக்கன்றுக்கும் குருத்து நுனியில் இருப்பதால் அதே கடி அவற்றை நிறுத்திவிடும். மேய்ச்சலும் தீயும் இருக்கும் இடத்தில் புல் ஜெயிப்பதற்கு இதுதான் காரணம். பல்லாண்டுப் புல் தன் உடலில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. கோடையில் மேலே காய்ந்து போவது இலை மட்டும். தூரும் வேரும் அடுத்த மழைக்கான சேமிப்போடு உள்ளே காத்திருக்கும். ஊசிப்புல், வாசனைப்புல் இனங்கள், மார்வெல் புல் ஆகியவை நம் சோளமும் கரும்பும் சேர்ந்த அதே பெரிய புல் கூட்டத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க நெடும்புல் சமவெளியை ஆண்ட பெரிய புளூஸ்டெம் புல்லும் அந்தக் கூட்டம்தான்.

அந்தச் சமவெளியின் கதை நமக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. உலகின் பெரிய நிலச் சூழல் வகைகளில் மிகக் குறைவாகப் பாதுகாக்கப்பட்டது மிதவெப்ப மண்டலப் புல்வெளி. வட அமெரிக்காவில் பிரெய்ரி, கசகஸ்தானிலும் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஸ்டெப்பி, அர்ஜென்டினாவில் பாம்பாஸ். குளிரில் மட்கு மெதுவாகவே சிதைவதால் ஆயிரமாயிரம் ஆண்டு வேர்கள் அழுகிச் சேர்ந்து கரிய வளமான மண் அங்கே பல அடி ஆழத்துக்கு உருவானது. அந்த வளமே அதற்கு எமனாகவும் ஆனது. நெடும்புல் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மீதி மக்காச்சோளக் காடாகவும் சோயாக்காடாகவும் மாறிவிட்டது. தெற்குச் சமவெளிகளில் கோதுமைக்காக உழுத மண், 1930-களில் வறட்சி வந்ததும் புழுதிப் புயலாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயலைக் 'கருப்பு ஞாயிறு' என்றே அங்கே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் அமெரிக்கா மண் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. சோவியத் ஒன்றியம் அதிலிருந்து பாடம் கற்கவில்லை. 1954-இல் குருசேவ் தொடங்கிய கன்னி நிலத் திட்டத்தில் கசகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் கோடிக்கணக்கான ஏக்கர் ஸ்டெப்பி உழப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அங்கேயும் புழுதி கிளம்பியது. 1991-க்குப் பிறகு கைவிடப்பட்ட வயல்களில் புல் மெல்லத் திரும்பி வந்தாலும், பழைய இறகுப்புல் இனங்கள் பழைய அளவில் கூடுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கின்றன.

கரிய மண் ஒரு முழம் போனாலும் அவர்களுக்கு அடியில் இன்னொரு முழம் இருந்தது. நம் கரட்டில் கருங்கல் பாறைக்கு மேல் இருப்பது அரை அடி, ஒரு அடிச் சிவப்பு மண்ணும் சரளையும்தான். வெப்பத்தில் மட்கும் வேகமாகச் சிதைந்துவிடும். இங்கே புல்தூரைப் பெயர்த்தால் இரண்டு ஆடி மழையில் மண் ஓடைக்குப் போய்ச் சேரும். மீட்க எதுவும் மிஞ்சாது. 3 மீட்டர் இடைவெளியில் கன்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 450 குழி. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி ஆழம், பக்கத்தில் கொட்டிய மண், இயந்திரம் ஏறி இறங்கிய தடம், குறுக்கே வெட்டிய வாய்க்கால். இத்தனையும் சேர்ந்து பல்லாண்டுப் புல்லின் தூரை அறுத்துவிடும். கிளறிய மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது பார்த்தீனியம். கன்று பிழைக்காத ஆண்டுகளில் புல்லும் இல்லை, மரமும் இல்லை, களை மட்டும் மிஞ்சும்.

கன்று பிழைத்துவிட்டாலும் கணக்கு நேராவதில்லை. நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில் புல்வெளி நீர்ப்பிடிப்பில் தைலமரம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தபோது, முதல் சுற்றிலேயே ஓடை நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. ஆழ வேர் விட்டு ஆண்டு முழுதும் இலை வைத்திருக்கும் மரம், கோடையில் உறங்கும் புல்லைவிடக் கூடுதல் நீரைக் குடிக்கும். ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் நம் மாவட்டங்களில், அடிவாரக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர் இதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும்.

புல்லை நம்பி யார் வருகிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் தாழப் பறந்து, இறக்கையை வி வடிவில் தூக்கிப் பிடித்துப் புல்மேல் உரசுவதுபோல் போகும் பூனைப்பருந்துகள் கசகஸ்தான், ரஷ்ய ஸ்டெப்பிகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னிந்தியாவுக்கு வருபவை. இரவில் மரத்தில் அடையாமல், உயர்ந்த புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகப் படுக்கும். பெங்களூருக்கு வடக்கே ஹெசரகட்டா புல்வெளி அப்படிப்பட்ட இடம். இங்கே அவற்றின் முக்கிய உணவு வெட்டுக்கிளி. உழவருக்கு அதனால் லாபமே. ஸ்டெப்பியை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினாலும் அது பாதி வேலைதான். தக்காண மேட்டில் புல் போய்விட்டால் பருந்துக்குக் குளிர்கால வீடு இல்லை.

யானை விஷயம் இன்னும் நெருக்கமானது. மழைக்காலத்தில் யானை அதிகம் தின்பது புல். இளம்புல்லில் புரதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கதிர் விட்டு முற்றியதும் நார் ஏறி 3, 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அது நடப்பது ஐப்பசி, கார்த்திகையில். அதே சமயத்தில் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் கொல்லைகளில் ராகி கதிர் பிடிக்கிறது. ராகியில் அப்போது காட்டுப் புல்லைவிடப் புரதமும் உப்புச் சத்தும் அதிகம் என்பதை யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980-களிலேயே சத்தியமங்கலம், சாமராஜநகர்ப் பகுதி ஆய்வில் காட்டினார். காட்டுக்குள் புல்வெளியை உண்ணிச்செடி என்ற களைப்புதர் மூடிவிட்டால் யானைக்கு மழைக்கால மேய்ச்சலும் சுருங்கும். 2014-இல் அறிவித்த காவிரி வடக்குச் சரணாலயமும் 2022-இல் அறிவித்த 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமும் இந்த இரு மாவட்டக் காடுகளில்தான் இருக்கின்றன. எல்லைக் கோட்டை விடவும் உள்ளே புல் நிற்கிறதா என்பதுதான் அங்கே தீர்மானமான கேள்வி என்று கருதுகிறோம்.

பழைய புல்வெளியா, அழிந்த காடா?

இதை நிலத்தில் நின்றே சொல்லிவிடலாம். கார்த்திகை மாதம் போங்கள். கண்ணில் படும் புல்லை ஒரு கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்துவிட்டால் ஓராண்டுப் புல். வராமல் கையை அறுத்தால் பல்லாண்டுப் புல். பத்து இடத்தில் இழுத்து ஆறேழு இடத்தில் வரவில்லை என்றால் அது பழைய புல்வெளி, குழி வேண்டாம். தரையில் நிலப்பனை, நரிவெங்காயம் போன்ற கிழங்குச் செடிகள் இருந்தால் இன்னும் உறுதி. இவை மெதுவாகப் பரவுபவை. உழுத நிலத்துக்குச் சீக்கிரம் திரும்புவதில்லை. மாறாக, வெட்டிய அடிமரங்கள் துளிர்த்து நின்றால், மண் இரண்டு அடிக்கு மேல் ஆழமாக இருந்தால், புல்லெல்லாம் ஓராண்டுப் புல்லாக இருந்தால், அது காடாக இருந்த இடமாக இருக்கலாம். அங்கே நாட்டு மரம் நடுவது சரியான வேலை.

அதிகம் மேய்ந்த புல்வெளி எந்த வரிசையில் சரியும் என்பதும் தெரிந்ததே. தீபகற்ப இந்தியாவின் புல் மூடாக்கு சேகிமா, டைகாந்தியம் என்ற இரு புல் பேரினங்களின் பெயரில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மாடு முதலில் தேடித் தின்பது அவற்றைத்தான். அவை குறைந்ததும் ஊசிப்புல் ஏறும். அதற்கும் தாண்டினால் மாடு தொடாத துடைப்பப்புல்லும் வாசனைப்புல்லும் பரவும். கடைசியில் சரளை மட்டும். ஊசிப்புல் கட்டத்தில் இருக்கும் நிலத்தை ஓய்வு கொடுத்தே திருப்பிவிடலாம். துடைப்பப்புல் கட்டத்துக்குப் போனால் விதையும் தூவ வேண்டும்.

எத்தனை மாடு தாங்கும்

ஐப்பசிக் கடைசியில் புல் உச்சத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். நான்கு குச்சி கட்டிய 1 மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று, கதிர் அரிவாள், தராசு போதும். நல்ல இடம் மட்டும் பார்த்துப் போடாமல், நடந்துகொண்டே 30 அடிக்கு ஒன்று என்று 10 இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். உள்ளே இருப்பதைத் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு அறுத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். சராசரிக் கிராமை 4-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ காய்ந்த புல் என்று வரும். சராசரி 150 கிராம் என்றால் ஏக்கருக்கு 600 கிலோ. பாதியை விட்டுவிட வேண்டும். மண்ணைப் பிடிப்பதும் அடுத்த ஆண்டு தளிர்ப்பதும் அந்தப் பாதிதான். மீதி 300 கிலோ. 250 கிலோ எடையுள்ள நாட்டுமாடு நாளுக்குச் சுமார் 6 கிலோ காய்ந்த தீனி தின்னும். ஆக, ஒரு ஏக்கர் ஒரு மாட்டுக்கு 50 நாள். 20 ஏக்கர் மேய்க்கால் 10 மாட்டுக்கு 100 நாள். ஏழு செம்மறி ஒரு மாட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஊரில் இருக்கும் கால்நடை எண்ணிக்கை பல மடங்கு என்று தெரியவரும். அதற்காக மேய்ச்சலையே நிறுத்துவது தவறு. நிலத்தை நான்கு பாகமாக்கி, ஆண்டுக்கு ஒரு பாகத்தை மட்டும் ஆனி முதல் மழையிலிருந்து மார்கழியில் விதை உதிரும் வரை மூடுங்கள். முள்வேலி கட்டாயமில்லை, சுண்ணாம்பு அடித்த கல்லும் மேய்ப்பவர்கள் ஒத்துக்கொண்ட பேச்சும் போதும். விதை உதிர்ந்த பின் மாட்டை உள்ளே விட்டால் குளம்பு விதையை மண்ணில் அழுத்திவிடும். அடுத்த ஆண்டு அடுத்த பாகம். மூடிய காலத்தில் மற்ற மூன்று பாகத்தின் மேல் சுமை கூடும். அதைச் சமாளிக்க ராகித் தாளையும் சோளத்தட்டையும் முன்கூட்டியே போர் வைக்காவிட்டால் திட்டம் ஆவணி தாண்டாது. பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மொத்த நிலத்தையும் ஐந்தாறு ஆண்டு மூடிவிட்டால் காய்ந்த இலை தூரின் மேலேயே குவியும். வெளிச்சம் அடிக்கு எட்டாமல் தூரின் நடு செத்துப்போகும். குவிந்த சருகில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் பெருந்தீ. கன்சாஸில் கோன்சா பிரெய்ரியில் பல பத்தாண்டு ஆய்வு காட்டியதும் இதைத்தான்: தீயும் மேய்ச்சலும் நீங்கிய பகுதிகளைப் புதரும் ஜூனிப்பர் மரமும் எடுத்துக்கொண்டன; காட்டெருமை மேய்ந்த பகுதிகளில் செடி வகைகள் கூடின. பக்கத்தில் பிலிகிரிரங்கன் மலைப் பழங்குடியினரான சோளகர்கள், ஆண்டின் முற்பகுதியில் இடும் சிறு சருகுத் தீ 1974-இல் சரணாலயம் வந்த பின் நின்றதையும் அதன் பிறகு உண்ணிச்செடி பெருகியதையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கரட்டில் யாரும் தீ வைக்கக் கூடாது. காட்டில் தீ வைப்பது குற்றம். பங்குனி, சித்திரையில் வைக்கும் தீ தூரையும் தரையில் கூடு கட்டும் கவுதாரியையும் அழிக்கும். எங்கே, எப்போது என்பதை வனத்துறை ஆய்வோடு முடிவு செய்ய வேண்டும். ஊர் செய்யக்கூடியது அறுவடை: விதை உதிர்ந்த பின் தை மாதம் அறுத்துப் போர் வைப்பது தீ செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

ஊசிப்புல் அதிகம் உள்ள இடத்தில் செம்மறியை ஆவணிக்குள் மேய்த்து வெளியே எடுத்துவிடுங்கள். அதன் விதையில் உள்ள முறுக்கிய வால் ஈரம் பட்டதும் அவிழ்ந்து சுழன்று விதையை மண்ணுக்குள் திருகும்; அதே ஊசி ஆட்டின் தோலிலும் வாயிலும் ஏறும். வெள்ளாட்டை மட்டும் எதிரியாக்குவதும் நியாயமில்லை. அது புல்லைவிடத் தழையை விரும்பும். முளைக்கும் புதரைக் கடித்து அடக்கும். செம்மறி புல்லைத் தரையோடு நறுக்குவது தூருக்கு அதைவிட ஆபத்து.

களை எடுக்கும் முறை

உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் ஒன்று நான்காகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த முறை எளிமையானது. மண்வெட்டியால் ஆணிவேரைத் தரைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். துளிர்க்கும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மண் பட்ட கிளை வேர் விடும். மழை ஈரத்தில், காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். பழத்தைத் தின்ற மைனாவும் கொண்டைக்குருவியும் உட்காரும் மரத்தடியில்தான் நாற்று குவியும். அடுத்த இரண்டு மழைக்காலத்தில் மூன்று தடவையாவது அங்கே திரும்பிப் போய்ப் பிடுங்க வேண்டும். ஒரே தடவை எடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்ட இடங்களில் மூன்றாம் ஆண்டு முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். குவியலைப் புல்மேல் வைத்துக் கொளுத்தாதீர்கள். அடி மண் வெந்து, அந்த வட்டத்தில் வெகுநாள் எதுவும் முளைக்காது. தண்டு வீணாக வேண்டியதில்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் அதில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள்.

சீமைக்கருவேலத்தில் விரல் பருமனுக்குக் கீழே உள்ள கன்றை ஈர மண்ணில் கையால் பிடுங்கலாம். பெரியதை ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடுமாடு சில நாள் வரை சாணத்தில் விதை போடும் என்பதால், அப்படி மேய்ந்த மந்தையைச் சுத்தமான நிலத்துக்கு மாற்றும் முன் ஒரு வாரம் பட்டியில் அடைத்துத் தீனி போடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறையோடு பிடுங்குங்கள். ஒரு செடி 15,000-க்கு மேல் விதை போடும். மழைக்காலத்தில் அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு தென்பட்டால் அங்கே மருந்து அடிக்க வேண்டாம்.

களை எடுத்த வெற்று மண்ணை அதே பருவத்தில் புல்லால் மூடாவிட்டால் வேலை வீண். கொழுக்கட்டைப்புல் விதை ஏக்கருக்கு 2 கிலோ போதும். புதிதாகச் சேகரித்த விதை சரியாக முளைக்காது. கார்த்திகை, மார்கழியில் உருவி எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்த இடத்தில் வைத்து, ஆனி மழையில் விதையுங்கள். பஞ்சு போன்ற விதை என்பதால் நான்கு மடங்கு ஈர மணலோடு கலந்து தூவி, முள் கிளையை இழுத்து மூடுங்கள். 1 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளை மேலே வராது. எறும்பு தூக்கிப் போகும் இடங்களில் சாணமும் களிமண்ணும் சேர்த்து உருட்டிப் போடலாம். இதைவிட நல்லது, பக்கத்துக் கரட்டில் விதை முற்றிய பல வகைப் புல்லை அறுத்து அன்றே கொண்டுவந்து வெற்று இடத்தில் அரை அடி கனத்துக்கும் குறைவாகப் பரப்புவது. ஐரோப்பியப் புல்வெளிகளை மீட்பதில் நிலைபெற்ற முறை இது. விதையும் மூடாக்கும் ஒரே சுமையில் வந்துவிடும். முயல் மசால் தீவனக் கொல்லைக்கு நல்ல பயிர், ஆனால் வெளிநாட்டுச் செடி. இயற்கைப் புல்வெளிக்குள் கொண்டுபோக வேண்டாம். நமக்கு மண்ணின் புல்லான கொழுக்கட்டையே ஆஸ்திரேலியாவில் பெரும் களையாகிவிட்டது.

சட்டமும் கணக்கும்

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்கு விதித்த தடை, பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று திருத்தப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் காவிரி தெற்குச் சரணாலயம் வந்ததால், ஆலம்பாடி மாடுகளைக் காட்டுப் பட்டியில் வளர்க்கும் குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(d) பிரிவு மேய்ச்சலை உரிமையாகவே சொல்கிறது. அந்த உரிமைக்குக் கிராம சபை மூலம் விண்ணப்பித்து, மேலே சொன்ன நான்கு பாக முறையையும் எண்ணிக்கை வரம்பையும் விண்ணப்பத்தோடு வைப்பது வலுவான நிலை. காட்டுக்கு வெளியே உள்ள மேய்க்காலுக்கு, பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு துணை நிற்கும். கிராம சபைத் தீர்மானத்தில் புல எண், பரப்பு, மூடும் பாகம், மூடும் மாதம், கன்று நடுவதற்கான மாற்று இடம் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆண்டுதோறும் ஐப்பசியில் அதே 10 இடத்தில் சதுரச் சட்டத்தைப் போட்டு எடையையும், இழுத்து வராத புல் எத்தனை என்பதையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். எடை கூடியும் பல்லாண்டுப் புல் கூடாவிட்டால், வந்தது நல்ல மழை மட்டும். மாட்டு எண்ணிக்கையை உயர்த்த வேண்டாம். அறுகு மட்டும் படர்ந்தால் மேய்ச்சல் இன்னும் தாங்கும் அளவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். விதைக்காத பாகத்திலும் கொழுக்கட்டையோ மார்வெல் புல்லோ தானாக வரத் தொடங்கி, இரண்டு ஆண்டு தொடர்ந்து அந்த எண்ணிக்கை ஏறினால், அடுத்த ஆண்டு 20 ஏக்கருக்கு இரண்டு மாடு கூட்டலாம். அதற்கு மேல் ஒரே தடவையில் கூட்ட வேண்டாம்.